ஒன்பதாம் தடத்து ஊதா முதலை

காலை மணி ஒன்பது ஐம்பது. தனியார் சரக்குப் பெட்டி உரிமையாளர் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம் தொடங்க இன்னும் இரண்டு மணி பத்து நிமிடம். ஐலீன் ப்ரூனிங்கின் பெட்டி தொலைந்து பதினொரு நாள்.

"பெட்டின்னா சூட்கேஸ் மாதிரியா?" என்றான் எமெட்.

"அறுபதடி நீளம், தம்பி" என்றாள் ஐலீன். "உள்ளே தொண்ணூறு டன் பாப்கார்ன் சோளம்."

"அப்போ எவனும் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிருக்க முடியாது. சந்தேகப் பட்டியல்ல பாதிப் பேர் காலி, பாஸ்."

பாஸ் என்று அழைக்கப்பட்ட ரோவீனா வாசெக் சிரிக்கவில்லை. காரமான சில்லிக் குழம்பில் சினமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துப்பறியும் ஏஜென்சி தொடங்குவதற்கு முன் இருபது வருடம் ரயில்வே போலீஸில் இருந்தவள். பதினேழு வருடத்துக்கு முன்னால், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் ஸ்ப்ரே பெயிண்ட்டால் படம் வரைந்துகொண்டிருந்த எமெட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தவளும் அவள்தான். வேலையை விட்டதும் முதல் உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டதும் அவனைத்தான்.

"பெட்டி போனா போலீஸுக்குப் போகலாமே?" என்றாள் ரோவீனா. "என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

சங்கச் செயலாளர் ஹ்யூகோ பெனெஷ் தொண்டையைச் செருமினார். ஒட்டடைக்குச்சிக்கு டை கட்டியது போன்ற மனிதர். "போலீஸ் கண்டுபிடிக்க மூணு வாரம் ஆகும் மேடம். எங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ள வேணும். இன்னிக்கு ஓட்டெடுப்பு."

"என்ன ஓட்டு?"

"எங்க ஆளுங்ககிட்ட இருக்கறது பெட்டி மட்டும்தான். தண்டவாளமும் எஞ்சினும் ரயில்வேயோடது. தனியாளா போய்ப் பேசினா வாசல்லயே நிக்க வச்சுடுவாங்க. அதுக்காகத்தான் சங்கம். இப்போ புளூஸ்டெம் ரயில்வே புதுசா ஒரு விதி போட்டிருக்கு. தனியார் பெட்டி காலியாச்சுன்னா, சொந்தக்காரரைக் கேக்காம, எந்த ஊர்ல வேணும்னாலும், எத்தனை மாசம் வேணும்னாலும் கொண்டுபோய் நிறுத்துவாங்களாம். எதிர்த்து வாஷிங்டன்ல இருக்கற ரயில்வே வாரியத்துக்கு மனு அனுப்ப இன்னிக்குச் சாயங்காலம்தான் கெடு. அனுப்பலாமா வேண்டாமான்னு ஓட்டு."

"எனக்கு இருக்கறது ஒரே பெட்டி" என்றாள் ஐலீன். அறுபது வயது. சோளக்காட்டு வெயிலில் காய்ந்த முகம். "அதை டெக்சாஸ்ல மூணு மாசம் போட்டுட்டாங்கன்னா என் சோளத்தை டென்வர் தியேட்டர்களுக்கு வாளியிலயா தூக்கிட்டுப் போவேன்? ஒரு வருஷம் தவறினா வேற ஆள்கிட்ட வாங்கிப்பாங்க. அதோட என் கடை மூடியாச்சு."

"எத்தனை ஓட்டு தேறும்?"

"நாற்பத்தஞ்சு உறுப்பினர்" என்றார் ஹ்யூகோ. "ஒரு பெட்டி இருந்தாலும் ஓர் ஓட்டு, எண்ணாயிரம் இருந்தாலும் ஓர் ஓட்டு. மனு அனுப்பணும்னு இருபத்திமூணு பேர், வேண்டாம்னு இருபத்திரெண்டு. ஐலீன் ஓட்டு போடலைன்னா ரெண்டு பக்கமும் சமம். சமம்னா மனு கிடையாது."

"இவங்க ஏன் ஓட்டு போட முடியாது?"

ஹ்யூகோ சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய சிறு புத்தகத்தை எடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அச்சடித்த சங்க விதிகள். நாலாம் பக்கத்தைக் கோயில் பூசாரி மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தார்.

"உறுப்பினர் என்பவர், தண்டவாளத்தின்மேல் தன் சக்கரங்களில் நிற்கும் சரக்குப் பெட்டி ஒன்றையேனும் உடையவர். கூட்ட நாளன்று பெயர் அழைக்கப்படும்போது, அது எங்கே நிற்கிறது என எழுந்து சொல்ல வேண்டும். சொல்ல இயலாதவர் அன்று வாக்களிக்க இயலாது."

"என் பெண்டாட்டி எழுதின மாதிரியே இருக்கு" என்றான் எமெட். "எங்கே நிக்கறேன்னு சொல்லலைன்னா சாப்பாடு கிடையாது."

ரோவீனா கை நீட்டினாள். "அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் நான் வச்சுக்கறேன்."

கதவு திறந்தது. கையில் ஒரு கூடை முட்டையோடு வில்லர்ட் ஹோல்ட்ரிஜ் வந்தார். பத்தொன்பது வருடமாகச் சங்கத் தலைவர். பிளாஸ்டிக் மணிகள் ஏற்றும் ஒரே ஒரு சாம்பல் பெட்டியின் சொந்தக்காரர். ஐலீனோடு உட்கார்ந்து அந்த மனுவை வரிக்கு வரி எழுதியவரும் அவர்தான்.

"எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. எங்க வீட்டுக் கோழி. கூண்டு முழுக்க இரும்பு. நரி வந்தா பல்லை உடைச்சுக்கிட்டுத்தான் போகணும்." எல்லோருக்கும் இரண்டிரண்டு கொடுத்தார். ஐலீனுக்கு மட்டும் ஆறு. கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் பின்னாலேயே கார்வர் ஸ்லோன் எட்டிப் பார்த்தார். வாடகைக்குப் பெட்டி விடும் கம்பெனியின் முதலாளி. அவருடைய பெட்டிகளை நிறுத்த ரயில்வே தனியாகவே இடம் ஒதுக்கியிருந்ததால், மனு வேண்டாம் என்ற கட்சிக்கு அவர்தான் கொடி.

"இன்னும் கிடைக்கலையா ஐலீன்? ஐயோ பாவம். என்கிட்ட எண்ணாயிரம் இருக்கு. ஒண்ணு தொலைஞ்சா எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதுன்னு நீங்களே சொல்லிக்கறது நல்லதில்லை சார்" என்றான் எமெட். "கேட்டுட்டு யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க."

தலைவரின் கையிலிருந்து ஒரு முட்டை நழுவி விழுந்து உடைந்தது.

*

"ஸ்லோன்தான் பாஸ்" என்றான் எமெட், காரை ரயில் யார்டுப் பக்கம் திருப்பியபடி. "அந்தச் சிரிப்புக்கே உள்ள தள்ளலாம்."

"சிரிச்சதுக்கெல்லாம் உள்ள தள்ளணும்னா உனக்கு ஆயுள் தண்டனை. கடைசியா பெட்டி எங்கே இருந்தது?"

"யார்டுக்குப் பக்கத்துல இருக்கற ரிப்பேர் ஷாப். கை பிரேக் சரி பண்ண வந்தது. பண்ணினாங்க. வெளியே விட்டாங்க. அதோட கம்ப்யூட்டர்ல இருந்து மறைஞ்சுடுச்சு."

"பெட்டி மறையலை. அட்டை மறைஞ்சிருக்கு."

ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் இரண்டு பக்கமும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் அட்டை இருக்கும். தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் கருவி அதைப் படித்து, இன்ன பெட்டி இன்ன இடத்தில் என்று திரைக்கு அனுப்பும். யார்டில் இருப்பவர்கள் திரையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

"அட்டையைக் கழட்டிட்டா?"

"பெட்டி இருக்கு, ஆனா இல்லை. வேற அட்டையை மாட்டிட்டா அது வேற யாரோட பெட்டியாவோ ஆயிடும். அறுபதடி இரும்பு பறந்து போகாது. ரிப்பேர் ஷாப்பிலிருந்து ஒரே வழிதான் இருக்கு, அது இந்த யார்டுக்குள்ள."

யார்டில் ஓட்டிஸ் என்ற தடித்த மனிதர் கையில் டேப்லெட்டோடு நின்றார். ரோவீனாவை அவருக்குப் பழைய நாளிலிருந்தே தெரியும்.

"ஐலீனோட பெட்டியா, 4417? இங்க இல்லை" என்றார், டேப்லெட்டைத் தட்டி.

"அண்ணே, நேர்ல நடந்து பார்த்தீங்களா?" என்றான் எமெட்.

"எதுக்கு? அதான் இல்லைன்னு வருதே."

"உங்க வீட்டுக்காரி வீட்ல இருக்காங்களான்னு எப்படிப் பார்ப்பீங்க? இதுலதானா?"

"தம்பி, அவ இருக்கான்னு தெரிஞ்சுக்க எதையும் பார்க்க வேண்டாம். தெருமுனையிலயே சத்தம் கேக்கும்."

எட்டாம் தடத்திலும் ஒன்பதாம் தடத்திலும் அறுபது பெட்டிகள் ஒன்றையொட்டி ஒன்று நின்றன. எல்லாம் சாம்பல் நிறம். எல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஏற்றுபவை. ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி இருந்தன. பெரும்பாலானவற்றின் மேல் கிறுக்கல்களும் படங்களும்.

"அறுபதையும் திறந்து பார்க்கணும்னா சாயங்காலம் ஆயிடும் பாஸ்."

"நமக்கு முன்னாடியே தேடிக் கண்டுபிடிச்சவங்க இருக்காங்க, பாரு."

ரோவீனா கை காட்டினாள். மற்ற பெட்டிகளுக்கு அடியில் ஒரு குருவிகூட இல்லை. ஒன்பதாம் தடத்தில், மேற்கிலிருந்து நாலாவது பெட்டியின் அடியில் மட்டும் முப்பது நாற்பது புறாக்கள் கல்யாணப் பந்தி போல் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

"புறா பிளாஸ்டிக் தின்னாது" என்றாள் ரோவீனா.

ஓட்டிஸ் டேப்லெட்டையும் புறாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல புறா வரலையே" என்றார்.

பெட்டியின் பக்கவாட்டில், நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், பல்லைக் காட்டிச் சிரித்தது ஒரு பெரிய ஊதா முதலை. எமெட் கிட்டே போய் மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தான். பிறகு அவமானப்பட்டவன் போல் திரும்பினான்.

"பாஸ், இது எங்க ஆளுங்க வேலை இல்லை."

"எப்படிச் சொல்றே?"

"முதல் விஷயம், இது பிரஷ்ஷால வரைஞ்சது. கோடு தெரியுது. ரெண்டாவது, நாங்க எவ்வளவு பெரிய படம் வரைஞ்சாலும் நம்பர் மேல ஒரு சொட்டு விழாது. நம்பரை மறைச்சா ரயில்வேக்காரங்க படத்து மேல பெயிண்ட் அடிச்சு அழிச்சுடுவாங்க. நம்பரை விட்டுட்டா படம் ஊர் ஊரா சுத்தும், எவனும் தொட மாட்டான். திருட்டுப் படம் வரையறவனுக்கும் ஒழுக்கம் இருக்கு பாஸ். இவன் படம் வரையறதுக்காக வரையலை. நம்பரை மறைக்க வரைஞ்சிருக்கான்."

"அந்தக் காலத்துல உன்னைப் பிடிச்சப்போ இதெல்லாம் சொல்லலையே?"

"அப்போ நீங்க காலரைப் பிடிச்சிருந்தீங்க. மூச்சு வரலை."

முதலையின் கண்ணில் நீச்சல் கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்து ஓட்டிஸ் சிரித்தார். "இது நம்ம ஊர் நீச்சல் குளத்துச் சுவர்ல இருக்கற முதலை. போர்டு எழுதற கிளைடு வரைஞ்சது. ரிப்பேர் ஷாப்ல பெட்டிகளுக்கு நம்பர் எழுதறதும் அவன்தான்."

ரோவீனா குனிந்து, கசிந்து கிடந்த மஞ்சள் மணிகளில் ஒரு கைப்பிடி அள்ளி எமெட்டிடம் நீட்டினாள். அவன் ஓட்டிஸின் அறையிலிருந்த மின் அடுப்பில், காபி போடும் தகரக் குவளையில் அவற்றைப் போட்டு மூடினான். ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு உள்ளே, டப். டப் டப். டப்டப்டப்.

"ஆய்வுக்கூட அறிக்கை வந்தாச்சு" என்றான் எமெட், மூடியைத் திறந்து. "அண்ணே, உப்பு இருக்கா?"

ரோவீனா வெளியே போய் இரண்டு போன் செய்தாள். ஒன்று ஹ்யூகோவுக்கு: ஒன்பதாம் தடத்தில் மேற்கிலிருந்து நாலாவதாக நிற்பது திரையின்படி யாருடைய பெட்டி? இன்னொன்று போர்டு எழுதும் கிளைடுக்கு. இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடம்தான். திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"யாருன்னு தெரிஞ்சுடுச்சா பாஸ்?"

"தெரிஞ்சுடுச்சு. தெரியாமலே இருந்திருக்கலாம். ஐலீனுக்குப் பெட்டி கிடைச்சா ஓர் ஓட்டு வரும். எடுத்தவன் யாருன்னு சொன்னா இன்னோர் ஓட்டு போகும். மறுபடியும் ரெண்டு பக்கமும் சமம்."

எமெட் வாயில் போட்ட பாப்கார்னை மென்று விழுங்க மறந்தான். "அப்போ எடுத்தது ஸ்லோன் இல்லை. நம்ம பக்கத்து ஆளு!"

"ஐலீனுக்குப் போன் போட்டு இங்க வந்து பார்க்கச் சொல்லிட்டுக் காரை எடு. மணி பதினொண்ணேகால்."

*

தலைவர் கூட்ட அறைக்கு வெளியே, நடைவழி ஜன்னலோரம் தனியாக நின்றிருந்தார்.

"ஹோல்ட்ரிஜ் சார்" என்றாள் ரோவீனா. "உங்க கோழிக் கூண்டுக்கு என்ன வயசு?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்றேன். ஐம்பது. ஐம்பது வயசாயிட்டா பெட்டி லைன்ல ஓடக் கூடாது. உங்க பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக் கூண்டாக்கிட்டீங்க. அது ஓடலைன்னா நீங்க உறுப்பினர் இல்லை, தலைவரும் இல்லைன்னு நினைச்சீங்க. அதனால உங்க பெட்டியோட ரெண்டு அட்டையையும் வேற பெட்டியில மாட்டச் சொன்னீங்க. திரையில உங்க பெட்டி உயிரோட இருக்கும். எண்ணாயிரத்துல ஒண்ணு போனா ஸ்லோனுக்குத் தெரியாதுன்னு அவர் பெட்டியைத்தான் எடுக்க நினைச்சீங்க."

"ரெண்டாவது பெட்டி" என்றார் தலைவர், கரகரத்த குரலில். "ரிப்பேர் ஷாப் தடத்துல ஆறு பெட்டி நின்னுச்சு. திரையில ரெண்டாவது ஸ்லோனோடது. கிளைடுகிட்ட ரெண்டாவதுன்னுதான் சொன்னேன். பெட்டியை வாங்கிட்டேன், அடையாளத்தை மாத்துன்னேன். அவனுக்கு வேற எதுவும் தெரியாது."

"திரை மேற்கேயிருந்து எண்ணும். கிளைடு கிழக்கு வாசல் வழியா வந்து, அங்கிருந்து எண்ணி ரெண்டாவதைப் பிடிச்சான். கிழக்கேயிருந்து ரெண்டாவது ஐலீனோடது."

"பாவி நான்! ஒரு நடை போய்ப் பார்த்திருந்தா நம்பர் தெரிஞ்சிருக்கும். திரையில என் பெட்டி யார்டுல நிக்குதுன்னு வந்துச்சு. நிம்மதியா படுத்துட்டேன். நேத்து அவ வந்து அழுதப்போதான் விஷயமே எனக்குத் தெரிஞ்சுது. சொல்லலாம்னு மூணு தடவை வாயெடுத்தேன்."

"முட்டைதான் கொடுத்தீங்க" என்றான் எமெட்.

"பத்தொன்பது வருஷம்" என்றார் அவர். "அந்த நாற்காலியை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? இப்போ நான் போனா அவ மனுவும் போச்சு. பேசாம இருந்தா அவ ஓட்டு போச்சு. நான் எந்தப் பக்கம் விழறது, நீங்களே சொல்லுங்க."

ரோவீனா சங்க விதிப் புத்தகத்தை அவர் கையில் வைத்தாள். "நாலாம் பக்கம். நிதானமா படிங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. கூண்டு தரையில கிடக்கா, இல்லை…?"

அவர் ஏதோ சொல்வதற்குள் உள்ளே மணி அடித்தது.

*

ஹ்யூகோ பெயர்களை வாசித்தார். ஒவ்வொருவராக எழுந்து, கையிலிருந்த போனைப் பார்த்து இடத்தைச் சொன்னார்கள். ஒமாஹா. துல்சா. ஆற்றுப் பாலத்துக்கு வடக்கே.

"ப்ரூனிங், ஐலீன்."

ஐலீன் எழுந்தாள். அவள் போனைப் பார்க்கவில்லை. "4417. வெல்பி யார்டு, ஒன்பதாம் தடம், மேற்கேயிருந்து நாலாவது. இப்பத்தான் கையால தொட்டுட்டு வர்றேன். தடிமனா அப்பின பெயிண்ட், இத்தனை நாளாகியும் ஒட்டுது." ஊதா விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

அறை சிரித்தது. ஸ்லோன் சிரிக்கவில்லை. போனைத் தட்டினார், புருவத்தை உயர்த்தினார், எழுந்தார்.

"ஆட்சேபணை! ஒன்பதாம் தடத்துல நாலாவதா நிக்கறது தலைவர் ஹோல்ட்ரிஜோட பெட்டி. திரை சொல்லுது. ஒரே இடத்துல ரெண்டு பெட்டி நிக்க முடியுமா? ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க."

நாற்பத்துநாலு தலைகள் மேடைப் பக்கம் திரும்பின. வழக்கப்படி தலைவரின் பெயர் கடைசியில்தான் வரும். மீதிப் பெயர்களை ஹ்யூகோ வேகவேகமாக வாசித்து முடித்தார்.

ரோவீனா சுவரோரமாக நின்றாள். எமெட் பையிலிருந்து பாப்கார்ன் எடுத்தான். அவள் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஹோல்ட்ரிஜ், வில்லர்ட்."

தலைவர் எழுந்தார். போனை எடுத்தார். பார்த்தார். அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"திரை தப்பு. அங்க நிக்கறது ஐலீனோட பெட்டி. அதுமேல என் அட்டையை மாட்டச் சொன்னது நான்தான். காரணம் கேட்டா வெட்கக்கேடு. இந்த நாற்காலிக்காக." அறை குமுறியது. அவர் கையை உயர்த்தினார். "இருங்க. கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலை. என் பெட்டி என் வீட்டுக்குப் பின்னாடி, ஆப்பிள் மரத்துக்கு இடது பக்கம் நிக்குது. உள்ளே பதினாறு கோழி, ஒரு சேவல்."

"அது கோழிக் கூண்டு!" என்று ஸ்லோன் கத்தினார். "ஐம்பது வயசான பெட்டி ஓடக் கூடாது. ஓடாதது பெட்டியே இல்லை. அந்த ஓட்டு செல்லாது!"

"செயலாளரே" என்றார் தலைவர். "நாலாம் பக்கம்."

ஹ்யூகோ வாங்கிப் படித்தார். "தண்டவாளத்தின்மேல் தன் சக்கரங்களில் நிற்கும்…" நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஓட வேண்டும்னு இதுல எங்கேயும் இல்லை. நின்னா போதும். வில்லர்ட், அது எது மேல நிக்குது?"

"எழுபதடி தண்டவாளம் நானே போட்டேன். மண்ணுல இறக்க மனசு வரலை. எட்டுச் சக்கரமும் அப்படியே இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் போடறேன்."

"கோழிக்காகவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பழக்கம்."

முதலில் சிரித்தது ஐலீன்தான். அப்புறம் அறை முழுக்க.

வாக்கெடுப்பு நாலே நிமிடத்தில் முடிந்தது. இருபத்திமூன்றுக்கு இருபத்திரண்டு. ஹ்யூகோ மனுவை உறையில் போட்டு ஒட்டி, ஓடவே ஆரம்பித்துவிட்டார்.

தலைவர், தன் பதவிக்கு அடையாளமான மேசைச் சுத்தியலை எடுத்து, ஒரு தடவை துடைத்து, ஐலீன் முன்னால் வைத்தார். "என் ராஜினாமா. போலீஸைக் கூப்பிடறதுன்னா கூப்பிடு. பெட்டி உன்னோடது."

"கூப்பிடத்தான் வேணும்" என்றார் ஸ்லோன். "திருடப் பார்த்தது என் பெட்டியை!"

"எந்தப் பெட்டி சார்?" என்றாள் ரோவீனா. "நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஸ்லோன் வாயைத் திறந்தார். எண்ணாயிரத்தில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஐலீன் சுத்தியலைக் கையில் உருட்டிப் பார்த்தாள். "உன் ராஜினாமாவை ஏத்துக்கறேன் வில்லர்ட். பதினொரு நாள் என் தூக்கத்தைக் கெடுத்ததுக்கு, பிளாஸ்டிக் பெட்டிக்காரங்க பக்கத்துல என் சோளத்தை உட்கார வச்சதுக்கு, அதுதான் தண்டனை. ஆனா வாரியத்து முன்னாடி பேச வாஷிங்டனுக்கு என்கூட நீ வரணும். மனுவுல உள்ள பாதி வார்த்தை எனக்குப் புரியாது."

அவர் தலையாட்டினார்.

வாசலில் எமெட் கேட்டான். "அம்மா, அந்த முதலையை என்ன பண்ணப் போறீங்க? சொன்னா கிளைடு வந்து அழிச்சுடுவான்."

"அழிக்கக் கூடாது!" என்றாள் ஐலீன். "நம்பரை மட்டும் அதோட வாய்க்குள்ள பெருசா எழுதச் சொல்லு. பல்லுக்கு நடுவுல. இனிமே எந்த ஊர்ல கொண்டுபோய் நிறுத்தினாலும், என் பெட்டி எதுன்னு திரையைப் பார்த்து யாரும் சொல்ல வேண்டாம்."